இந்தோனேசியா எந்தப் பக்கம்?



காஸாவின் செய்திகள் எமது வீடுகளையெல்லாம் கலங்க வைத்திருந்த நாட்களில் ஒன்று. பத்தாந்தர வகுப்பில் பாடம் முடியும் தறுவாயில் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"சேர், இந்தோனேசியா எவ்வளவு பெரிய முஸ்லிம் நாடு. அமெரிக்காவோடயும் பேசுது, சீனாவோடயும் பேசுது, ரஷ்யாவோடயும் பேசுது. ஏன் சேர் ஒரு பக்கமும் சேராம இரிக்கி? பயமா?"

மணி அடிக்க இரண்டு நிமிடங்களே இருந்தன. "பயமில்ல மகள், அது அவங்கட கொள்கை" என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன். உண்மையில் அது ஒரு பதிலே அல்ல. அப்பிள்ளையின் முகத்திலும் பதில் கிடைத்த திருப்தி இருக்கவில்லை. இதே கேள்வியை உங்கள் பிள்ளைகளும் உங்களிடம் கேட்டிருக்கலாம். இனிக் கேட்கவும் கூடும். ஆகவே அன்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாமற்போனதை இங்கு சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். எந்த வல்லரசின் கூட்டிலும் சேராதிருப்பதை நாம் தமிழில் அணிசேராமை என்கிறோம். அரபுப் பத்திரிகைகளில் 'அதமுல் இன்ஹியாஸ்' என்று எழுதுவார்கள். ஒரு பக்கமாகச் சாயாதிருத்தல் என்பது அதன் கருத்து. இரண்டிலும் இருப்பது ஒரு மறுப்பு மாத்திரமே. இந்தோனேசியர்களோ தமது கொள்கைக்கு 'பெபாஸ் அக்திப்' என்று பெயர் வைத்தார்கள். 'பெபாஸ்' என்றால் சுதந்திரமானது. 'அக்திப்' என்றால் செயலில் இறங்குவது. எமது நாட்டு மலாய்ச் சகோதரிகளிடம் கேட்டால் 'பெபாஸ்' என்ற சொல்லுக்கு இன்னும் நன்றாக விளக்கம் சொல்வார்கள். சும்மா ஒதுங்கியிருப்பது வேறு, எவருக்கும் கட்டுப்படாமல் காரியமாற்றுவது வேறு என்பதைப் பெயரிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்கள்.

இக்கொள்கை பிறந்த நாள் 1948 செப்டம்பர் 2. சொன்னவர் முஹம்மத் ஹத்தா. அப்போது அவர் உப ஜனாதிபதியாகவும் பிரதமராகவும் இருந்தார். அந்நாள் எப்படிப்பட்ட நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1945இல் சுதந்திரப் பிரகடனம் செய்தும் ஒல்லாந்தர் நாட்டை விட்டுப் போகவில்லை. குடியரசின் கையில் எஞ்சியிருந்தது ஜாவாவிலும் சுமாத்திராவிலும் சில பகுதிகளே. தலைநகர் ஜகார்த்தாவைக் கூட விட்டுவிட்டு ஜோக்ஜகார்த்தாவில் அரசாங்கம் நடந்தது. உள்ளுக்குள் ஒரு சாரார் சோவியத் ரஷ்யாவோடு சேர்ந்தால்தான் விடிவு என்றனர். மறுசாரார் அமெரிக்காவை நம்பியிருந்தனர். அந்த இக்கட்டில்தான் ஹத்தா தற்காலிகப் பாராளுமன்றத்தின் செயற்குழு முன் எழுந்து, தமது விடுதலைக்காகப் போராடும் ஒரு மக்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்க வேண்டுமா என்று கேட்டார். மற்றவர்களின் பந்தயத்தில் நாம் ஒரு காயாக இருக்கக் கூடாது, எமது காரியத்தை நாமே தீர்மானிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பதே அவர் வாதம். அந்த உரை பின்னர் 'இரண்டு பாறைகளுக்கிடையே துடுப்பு வலித்தல்' என்ற பெயரால் பிரபலமானது. கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு இந்த உவமையின் பயங்கரம் சொல்லாமலே விளங்கும்.

அப்படிச் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது? பதினாறே நாட்களில் மதியூன் நகரில் கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சி வெடித்தது. குடியரசு அதை அடக்கியது. டிசம்பர் 19ஆந் திகதி ஒல்லாந்துப் படைகள் ஜோக்ஜகார்த்தாவுக்குள் புகுந்து சுகர்ணோவையும் ஹத்தாவையும் கைதுசெய்தன. ஒரு பாறையில் மோதி, மறு பாறையிலும் மோதி, படகு உடைந்தே போயிற்று என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் எவரது கையாளும் அல்லாதவர்கள் என்ற அந்தப் பெயரே அவர்களைக் காப்பாற்றியது. மதியூன் கிளர்ச்சியைத் தாமாகவே அடக்கியவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்று ஒல்லாந்தால் பழி சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் மனம் மாறி, ஒல்லாந்துக்கு அழுத்தம் கொடுக்கத் தொடங்கியது. 1949 ஜனவரியில் புதுடில்லியில் நேரு கூட்டிய மாநாட்டில் ஆசிய நாடுகள் இந்தோனேசியாவுக்காகக் குரல் எழுப்பின. சுதந்திரம் பெற்று ஒரு வருடமும் பூர்த்தியாகாத எமது இலங்கையும் அதில் பங்குபற்றியது. அவ்வருடம் டிசம்பர் 27இல் ஒல்லாந்து ஆட்சியுரிமையைக் கையளித்தது.

இவ்விடத்தில் ஹாஜி அகுஸ் ஸாலிமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. இளமையில் ஜித்தாவிலிருந்த ஒல்லாந்துத் துணைத்தூதரகத்தில் உத்தியோகம் பார்த்தவர். மக்காவில் வாழ்ந்த தமது உறவினரான அறிஞர் அஹ்மத் கதீபிடம் மார்க்கம் கற்றவர். அந்த மனிதர்தான் 1947 ஜூன் மாதம் கெய்ரோவுக்குச் சென்று எகிப்துடன் நட்புறவு ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார். கப்பலும் காசும் இல்லாத ஒரு குடியரசுக்கு, அறபு மொழியும் வாதத்திறமையுமே மூலதனமாக இருந்த காலம் அது.

அடுத்து நடந்ததில் எமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1954 ஏப்ரல் இறுதியில் சேர் ஜோன் கொத்தலாவல ஐந்து பிரதமர்களைக் கொழும்பில் கூட்டினார். அங்கேதான் இந்தோனேசியப் பிரதமர் அலி சாஸ்த்ரோஅமிஜோயோ, ஆசியாவும் ஆபிரிக்காவும் சேர்ந்து ஒரு பெரிய மாநாடு நடத்தினால் என்ன என்று கேட்டார். மற்றவர்கள் அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. நேருவுக்கும் முதலில் தயக்கமே. மனிதர் விடவில்லை. மறுவருடம் ஏப்ரல் 18 முதல் 24 வரை ஜாவாவின் மலை நகரான பாண்டுங்கில் 29 நாடுகள் ஒன்றுகூடின. எகிப்தின் நாஸர் வந்தார், சீனாவின் சூ என்லாய் வந்தார். எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று எண்ணி விடாதீர்கள். மேற்கத்திய ஏகாதிபத்தியத்தைக் கண்டிப்பதானால், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதையும் கண்டிக்க வேண்டாமா என்று எமது சேர் ஜோன் ஒரு குண்டைத் தூக்கிப் போட, நேருவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் கூட்டம் கலையவில்லை. 1961இல் பெல்கிரேடில் 25 நாடுகளோடு அணிசேரா இயக்கம் பிறந்ததும், 1976இல் அதன் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பில் நடந்ததும் அந்தப் பாதையில் வந்தவையே. ஐம்பதைத் தாண்டிய சகோதரிகள் சிலருக்குக் கொழும்பு மாநாட்டு நாட்களின் அலங்காரங்கள் மங்கலாக நினைவிருக்கும்.

இதுவரை எழுதியதைப் படித்தால் இந்தோனேசியா ஒரு குற்றமுமற்ற நாடு என்று தோன்றும். அப்படியல்ல. முஸ்லிம்கள் வாழும் நாடு என்பதற்காக அதன் தவறுகளை மூடி எழுதுவது நேர்மையன்று.

சுகர்ணோ தமது கடைசிக் காலத்தில் பீக்கிங் பக்கம் நன்றாகவே சாய்ந்தார். அயல்நாடான மலேசியாவோடு மோதினார். 1965 ஜனவரியில் ஐ.நா. சபையை விட்டே வெளியேறினார். பின்னர் வந்த சுஹார்த்தோ நேர்மாறாக மேற்கு நாடுகளின் பக்கம் சாய்ந்தார். 1967இல் முறிந்த சீன உறவு 1990இல்தான் திரும்பவும் ஏற்பட்டது. ஆட்சி மாறிய அந்த 1965, 1966 வருடங்களில் நடந்த படுகொலைகளைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும்.

அதைவிட என் மனதை உறுத்துவது கிழக்குத் தீமோர். 1975 டிசம்பர் 7இல் இந்தோனேசியப் படைகள் அந்தச் சிறிய நாட்டுக்குள் புகுந்தன. முந்தின நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி போர்ட் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டுப் போயிருந்தார். 24 வருட ஆக்கிரமிப்பில் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் மாண்டவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல் என்று அந்நாட்டு உண்மை ஆணைக்குழு கணித்தது. உலகிலிருந்து ஏகாதிபத்தியம் ஒழிய வேண்டும் என்று தமது அரசியலமைப்பின் முகவுரையிலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது! 1999இல் அம்மக்களிடம் வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 78 பேருக்கு மேல் பிரிந்து போவதையே விரும்பினார்கள்.

பலஸ்தீன விடயத்திலும் இரண்டு முகங்கள் இருந்தன. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இஸ்ரேலிய வீரர்களுக்கு விசா கொடுக்க மறுத்தார்கள். அதற்காக ஒலிம்பிக் சபை இந்தோனேசியாவை இடைநிறுத்தியது. ஆனால் 1980 அளவில் அதே நாட்டின் இராணுவம் இஸ்ரேலிடமிருந்து இரகசியமாகப் போர் விமானங்களை வாங்கியது. 1993 ஒக்டோபரில், அணிசேரா இயக்கத்தின் தலைவராக இருந்த சுஹார்த்தோ இஸ்ரேலியப் பிரதமர் ரபீனை ஜகார்த்தாவில் வரவேற்றார். ஒஸ்லோ உடன்படிக்கை கைச்சாத்தாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அரபாத்தும் சற்று முன்னர் அங்கு வந்து போயிருந்தார் என்று சமாதானம் சொல்லப்பட்டது. அதை ஏற்பதும் விடுவதும் உங்கள் பொறுப்பு. விமானங்களுக்கு மட்டும் அப்படியொரு சமாதானத்தை நான் காணவில்லை.

சரி, ஒரு பக்கம் சாய்ந்தால் வரும் தீமை என்ன? 2004 டிசம்பர் 26ஐ எமது கிழக்கிலும் தெற்கிலும் உள்ள எந்தத் தாயும் மறக்க மாட்டாள். அன்று ஆச்சே மாகாணம் பட்ட பாடு எம்முடையதைவிடப் பன்மடங்கு பெரிது. பாதைகள் அழிந்துபோனதால் உணவும் மருந்தும் விமானத்தில்தான் போக வேண்டும். இந்தோனேசிய விமானப்படையிடம் ஹெர்குலிஸ் என்ற பெரிய சரக்கு விமானங்கள் இருந்தன. ஆனால் அவற்றில் பல பறக்க முடியாமல் நிலத்தில் கிடந்தன. ஏன் தெரியுமா? அவை அமெரிக்காவில் செய்தவை. தீமோரில் நடந்த அட்டூழியங்களைக் காரணம் காட்டி அமெரிக்கா 1999இலேயே இராணுவ விற்பனையை நிறுத்தியிருந்தது. உதிரிப்பாகம் இல்லை! அனர்த்தத்துக்குப் பிறகு, 2005 ஜனவரியில்தான் அந்த விமானங்களுக்கான பாகங்களை அனுப்ப இணங்கினார்கள்.

அன்று கற்ற பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. ரஷ்யாவின் சுகோய், அமெரிக்காவின் எப் 16, பிரான்சின் ரபேல் என்று பல கடைகளிலும் சாமான் வாங்குகிறார்கள். வீட்டுச் செலவை நடத்துகிற உங்களுக்கு இது புதிதல்ல. ஒரே கடையில் கடன் கொப்பி வைத்திருப்பவளின் நிலைமை, கடைக்காரர் முகம் கோணும் நாளில்தான் தெரியும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. 2018இல் ரஷ்யாவிடம் 11 புதிய சுகோய் விமானங்களுக்குக் கைச்சாத்திட்டார்கள். ரஷ்ய ஆயுதம் வாங்குவோர் மீது பொருளாதாரத் தடை விதிக்கும் சட்டமொன்று அமெரிக்காவிடம் இருந்தது. ஈற்றில் அந்த விமானங்கள் வரவேயில்லை.

பழைய கதை போதும். 2022க்கு வருவோம். நாம் எரிவாயு சிலிண்டரோடு வரிசையில் நின்ற அதே வருடம். உக்ரேன் யுத்தத்தால் உலகெங்கும் மாவும் எண்ணெயும் விலையேறின. இந்தோனேசியர் கோதுமை விளைவிப்பதில்லை; அவர்கள் விரும்பிச் சாப்பிடும் நூடில்ஸுக்கான கோதுமையில் பெரும் பங்கு உக்ரேனிலிருந்து வந்தது. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் உற்பத்தி செய்யும் அந்நாட்டின் தாய்மார், தமது சமையலுக்கு எண்ணெய் கிடைக்காமல் வரிசையில் நின்றார்கள் என்றால் நம்புவீர்களா? ஏப்ரல் 28 தொடக்கம் மூன்று வாரங்களுக்கு மேல் பாமாயில் ஏற்றுமதியையே அரசாங்கம் நிறுத்தி வைத்தது.

அந்த ஜூன் மாத இறுதியில் ஜனாதிபதி ஜொகோ விடோடோவும் அவரது மனைவி இரியானாவும் போலந்திலிருந்து இரவு ரயிலில் ஏறி யுத்த பூமிக்குள் சென்றார்கள். அந்தப் பெண்மணி கணவரோடு ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த படம் பத்திரிகைகளில் வந்தது. 29ஆந் திகதி கியேவில் உக்ரேன் ஜனாதிபதியைச் சந்தித்தார்கள். குண்டுகளால் சிதைந்த இர்பின் நகரையும் ஜனாதிபதி பார்த்தார். மறுநாள் மொஸ்கோவில் புட்டினோடு பேச்சுவார்த்தை. யுத்தம் தொடங்கிய பின் இரண்டு நாடுகளுக்கும் சென்ற முதலாவது ஆசியத் தலைவர் அவரே. கேட்டது இரண்டு விடயங்கள்: கோதுமைக் கப்பல்களுக்கு வழி விடுங்கள், பசளைக்கு வழி விடுங்கள்.

யுத்தம் நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் இரு வாசல்களிலும் நுழைய முடிந்தது எப்படி என்பதைப் பாருங்கள். 2022 மார்ச் 2இல் ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவின் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு இந்தோனேசியா ஆதரவாக வாக்களித்தது. (எமது நாடு வாக்களிக்காமல் இருந்துவிட்டது.) அதேவேளை ரஷ்யா மீது பொருளாதாரத் தடை போடச் சொன்னபோது மறுத்தது. ஏப்ரலில் ரஷ்யாவை மனித உரிமைச் சபையிலிருந்து விலக்கும் தீர்மானம் வந்தபோது, வாக்களிப்பதைத் தவிர்த்தது. அக்கிரமத்தை அக்கிரமம் என்று சொன்னது. ஆனால் வாசலை அடைக்க இணங்கவில்லை. அவ்வருட நவம்பரில் பாலித் தீவில் தன் தலைமையில் நடந்த ஜி20 மாநாட்டிலும், புட்டினை அழைக்கக் கூடாது என்று மேற்கு நாடுகள் எவ்வளவோ வற்புறுத்தியும் அவர்கள் அழைப்பைத் திரும்பப் பெறவில்லை. புட்டின் வரவில்லை, வெளிநாட்டமைச்சர் வந்தார். கூட்டறிக்கை வெளிவருமா என்றே சந்தேகமிருந்த அந்த மாநாட்டில் அறிக்கையும் வெளிவந்தது.

சீனாவோடு நடப்பது இன்னும் சிக்கலானது. பூமியிலிருந்து தோண்டும் நிக்கலில் பாதிக்கு மேல் இன்று இந்தோனேசியாவிலிருந்தே வருகிறது. மின்சாரக் கார்களின் பற்றரிக்கு அது வேண்டும். மண்ணை அப்படியே விற்க மாட்டோம், இங்கேயே உருக்கித்தான் விற்போம் என்று 2020 ஜனவரியில் தடை போட்டார்கள். ஐரோப்பா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடர்ந்து 2022இல் வென்றது. இந்தோனேசியா மேன்முறையீடு செய்துவிட்டுத் தடையைத் தொடர்ந்தது. உருக்கும் ஆலைகளைச் சுலாவேசித் தீவில் கட்டியவர்களில் பெரும்பாலோர் சீனக் கம்பனிகள். அதே சீனா, வரைபடத்தில் ஒரு கோட்டைக் கீறி, நத்துனா தீவுகளுக்கு அப்பாலுள்ள கடலில் தனக்கும் உரிமையுண்டு என்கிறது. 2016 ஜூனில் ஜொகோ விடோடோ ஒரு போர்க்கப்பலில் நத்துனாவுக்குச் சென்று அங்கேயே அமைச்சர்களோடு கூட்டம் நடத்தினார். மறுவருடம் அக்கடலுக்கு 'வட நத்துனாக் கடல்' என்று பெயரிட்டார்கள். சத்தமில்லாமல் கொடுத்த பதில் அது. வியாபாரம் வியாபாரமாக நடந்துகொண்டே இருந்தது.

2024 ஒக்டோபரில் ஜனாதிபதியான பிரபோவோ சுபியந்தோ, நவம்பரிலேயே பீஜிங்கும் அங்கிருந்து நேராக வாஷிங்டனும் சென்றார். 2025 ஜனவரியில் இந்தோனேசியா பிரிக்ஸ் அமைப்பின் முழு அங்கத்துவம் பெற்றது. பணக்கார நாடுகளின் மன்றமான ஓ.ஈ.சீ.டீ.யில் சேரும் பேச்சும் முந்திய வருடமே தொடங்கியிருந்தது. அந்த ஜூலையில், பிரிக்ஸோடு சேர்பவர்கள் மேல் கூடுதல் வரி என்று அமெரிக்க ஜனாதிபதி மிரட்டினார். 32 வீதம் என்றிருந்த வரியை 19 வீதமாக்கிக் கொள்ள இந்தோனேசியா ஒப்புக்கொண்டு, பதிலுக்கு 50 போயிங் விமானங்கள் வாங்கவும் இணங்கியது. 'பெபாஸ்' என்பது இலவசம் அல்ல என்று நான் சொல்வது இதைத்தான்.

இனி அந்த மாணவியின் மனதில் உண்மையில் இருந்த விடயத்துக்கு வருகிறேன். காஸாவின் வடக்கே பெய்த் லாஹியாவில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. அதற்குப் பெயரே இந்தோனேசிய மருத்துவமனை. சாதாரண இந்தோனேசிய மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் எழுந்தது. 2023 நவம்பரில் அதையும் முற்றுகையிட்டுத் தாக்கினார்கள். அவ்வருட ஒக்டோபர் 27இல் பொதுச்சபை யுத்த நிறுத்தம் கேட்டபோது இந்தோனேசியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அதற்கும் முன், அதே வருடம் மார்ச் மாதம், இருபது வயதுக்குட்பட்டோருக்கான உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை நடத்தும் வாய்ப்பையே இந்தோனேசியா இழந்தது. தகுதி பெற்றிருந்த இஸ்ரேல் அணியைப் பாலி மாகாண ஆளுநர் ஏற்க மறுத்ததை அடுத்து பீபா அந்த உரிமையைப் பறித்தது. பல மாதங்கள் பயிற்சி எடுத்திருந்த அந்நாட்டுப் பிள்ளைகள் அழுதார்கள். பலஸ்தீனத்தின் மேல் அன்பு வேறு, அந்தப் பிள்ளைகளின் கண்ணீர் வேறு, இரண்டும் உண்மை. 2025 ஒக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த உலக ஜிம்னாஸ்டிக் போட்டிக்கும் இஸ்ரேலியர்களுக்கு விசா கொடுக்கவில்லை. 1962இல் போலவே ஒலிம்பிக் சபை கண்டித்தது.

ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னர், செப்டம்பர் 23இல், பிரபோவோ ஐ.நா. மேடையில் நின்று, காஸாவுக்கு அமைதி காக்க 20,000 படையினரை அனுப்பத் தயார் என்றார். பலஸ்தீன அரசு வேண்டும் என்றார். கூடவே, இஸ்ரேலின் பாதுகாப்புக்கும் உத்தரவாதம் வேண்டும் என்றார்; இஸ்ரேல் பலஸ்தீனத்தை அங்கீகரிக்கும் நாளில் நாங்களும் இஸ்ரேலை அங்கீகரிப்போம் என்று முந்தின நாளே ஐ.நா.வில் சொல்லியிருந்தார். உரையின் முடிவில் ஸலாம் சொல்லி, 'ஷாலோம்' என்ற யூதர்களின் முகமனையும் சொன்னார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் பீஜிங்கில் சீன, ரஷ்ய, வட கொரியத் தலைவர்களோடு ஒரே வரிசையில் நின்று அணிவகுப்புப் பார்த்தவர்! ஜகார்த்தாவில் இதைப் பாராட்டியவர்களும் இருந்தார்கள், இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். ஆயுதம் தாங்கி அங்கு போகும் இந்தோனேசியப் பிள்ளை யாருக்கு எதிரில் நிற்பான் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கும் அந்த இடத்தில் மனம் தடுமாறவே செய்கிறது.

அடுத்த வாரம் வகுப்பில் இவற்றையெல்லாம் ஓரளவு சொல்லி முடித்தேன். அந்த மாணவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப பயமில்லதான் சேர்" என்றாள். பிறகு சற்று யோசித்து, "ஆனா அந்த விமானம் வாங்கினத ஏன் சேர் ஒளிச்சி வாங்கினாங்க?"